மாலை 4.30க்கு இறங்கி இரவுக் கோச்சியைப் பிடிக்கலாமா?

தம்பி, தோஹாவிலிருந்து வரும் உம்மாவின் விமானம் மாலை 4.30க்குக் கட்டுநாயக்காவில் இறங்குகிறது, அன்றிரவே மட்டக்களப்பு ரயிலில், அதாவது கோச்சியில், ஏற்றி, விடிய கல்முனைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப்படி முடியும். ஆனால் நான் அந்தக் கணக்கை நம்பி ஒருமுறை ஏமாந்தவன். விமானம் நேரத்துக்கு வந்தது, பெட்டிதான் வரவில்லை. பெல்ட்டடியில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குள் நான் ஓடும்போது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்குத்தான் தெரிந்தது.

187ஆம் இலக்க பஸ் அதிவேகப் பாதையால் கோட்டைக்குப் போகும். பாதையில் தாமதமில்லை, பேலியகொடையில் அதிவேகப் பாதையைவிட்டு இறங்கியபிறகு பின்னேர நெரிசலில்தான் மாட்டும்.

அதனால் கோச்சி டிக்கெட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தவறினால் புறக்கோட்டையில் கல்முனைக்கு இரவு பஸ் இருக்கும். குருநாகல், ஹபரணை, பொலன்னறுவை வழியாக வந்து கல்முனையிலேயே இறக்கிவிடும். கோச்சியோ மட்டக்களப்போடு சரி, கல்முனை இருக்கும் அம்பாறை மாவட்டத்துக்குத் தண்டவாளமே இல்லை. அங்கிருந்து ஓட்டோ, பிறகு கல்லடிப் பாலம் தாண்டிப் பஸ். ஆனாலும் உம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். கோச்சியில் எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. முதல் தெரிவு அதுதான்.

கோச்சி நேரத்தை முதல்நாளே அரச தகவல் இலக்கமான 1919க்கு அடித்துக் கேளுங்கள். உம்மாவின் மருந்தைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.