வாசகர் கேள்வி–பதில்: ஜி7-இல் கௌரிமனோகரிக்கு என்ன வேலை?

கே: வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை வாய்ப்பாட்டுப் படித்தேன். இப்போது கீபோட் பழகுகிறேன், ஜாஸ் பாடங்கள் பார்க்கிறேன். 'ஜி7 ஆல்டர்ட்' என்று அடிக்கடி வருகிறது. அது என்ன, எங்கள் மேளகர்த்தாவில் அதற்கு இடம் உண்டா?
— வாசகி, கொக்குவில்

ப: மேளகர்த்தாவில், அதாவது 72 தாய் ராகங்களின் பட்டியலில், இல்லை, ஆனால் ஒரு மேளகர்த்தாவுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

சாதாரண ஜி7 என்றால் ஜி, பி, டி, எஃப். இது சி-க்குப் போக அவசரப்படுகிற கோர்ட் (சேர்த்து அமுக்குகிற சுரக்கூட்டம்). அந்த அவசரம் முழுக்க பி-யிலும் எஃப்-இலும் இருக்கிறது: பி மேலே சி-க்கு ஏறப் பார்க்கும், எஃப் கீழே ஈ-க்கு இறங்கப் பார்க்கும். ஆல்டர்ட் ஆக்கும்போது இந்த இரண்டையும் தொட மாட்டார்கள். மற்றச் சுரங்களைத்தான் அரைச்சுரம் மேலேயோ கீழேயோ நகர்த்துவார்கள். டி போய் அதற்கு இருபக்கமும் உள்ள டி பிளாட்டும் ஈ பிளாட்டும் வரும் (பிளாட் என்றால் அரைச்சுரம் கீழே), ஏ வரவேண்டிய இடத்தில் ஏ பிளாட்டும் பி பிளாட்டும் வரும். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் ஜி, ஏ பிளாட், பி பிளாட், பி, டி பிளாட், ஈ பிளாட், எஃப்.

ஜி-யைச் சட்ஜமாக வைத்து இதையே உங்கள் பாஷையில் எழுதிப் பாருங்கள்: ச ரி1 க2 க3 ம2 த1 நி2 (எண் கூடினால் அந்தச் சுரம் உயரும்). பஞ்சமம் இல்லை, காந்தாரம் இரண்டு. 72-க்குள் எப்படி வரும்? வராது. ஆனால் ஜி-யை விட்டுவிட்டு ஏ பிளாட்டைச் சட்ஜமாக்கி அதே ஏழு சுரங்களையும் பாடுங்கள். ச ரி2 க2 ம1 ப த2 நி3. 23ஆவது மேளம், கௌரிமனோகரி! கிரக பேதம், அதாவது ராகத்தின் வேறொரு சுரத்தைச் சட்ஜமாக்கிப் பாடுவது, படிக்கும்போது கௌரிமனோகரியின் ரிஷபத்தில் இருந்து நாடகப்பிரியா, மத்திமத்தில் இருந்து வாசஸ்பதி, பஞ்சமத்தில் இருந்து சாருகேசி என்று பாடமாக்கியிருப்பீர்கள். நிஷாதத்தில் இருந்து தொடங்கினால் மேளம் ஒன்றும் கிடைக்காது என்று நம்முடைய புத்தகம் அந்த இடத்தோடு விட்டுவிடும். ஜாஸ்காரன் அங்கேதான் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறான். கௌரிமனோகரியை அவர்கள் மெலடிக் மைனர் என்பார்கள், ஏறும்போது உள்ள வடிவம்.

ஆகவே ஜி7 ஆல்டர்ட் என்று எழுதியிருந்தால் அரைச்சுரம் மேலே போய் ஏ பிளாட்டில் கௌரிமனோகரி, டி7 ஆல்டர்ட் என்றால் ஈ பிளாட்டில். சுரங்களைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி உங்களுக்குத் தேவையில்லை. இன்னொன்று, அதே மத்திமத்தில் இருந்து வருகிற வாசஸ்பதி இங்கே டி பிளாட்டில் வந்து நிற்கும். ஜி7 ஆல்டர்ட்டுக்குப் பதிலாக டி பிளாட்7 வாசிக்கிறார்களே, டிரைடோன் சப்ஸ்டிடியூசன் என்று பெரிய பெயர் சொல்லிக்கொண்டு, அதற்கு அவர்கள் எடுக்கும் லிடியன் டொமினன்ட் ஸ்கேல் இந்த வாசஸ்பதிதான். ஏழு சுரமும் ஒன்றே, அடியில் பேஸ் மட்டும் ஜி-யில் நிற்காமல் டி பிளாட்டில் நின்று அரைச்சுரம் இறங்கி சி-க்கு வரும். இரண்டு கோர்ட்டிலும் பி-யும் எஃப்-உம் இருப்பதால்தான் இந்த மாற்று வேலை செய்கிறது.

கே: மேலே சொன்ன ஸ்கேல் எனக்கு மனப்பாடம், பன்னிரண்டு கட்டையிலும் வேகமாக ஏறி இறங்குவேன். ஆனால் பாட்டுக்குள் போட்டால் பிழையான சுரம் வாசிக்கிற மாதிரியே கேட்கிறது. கிற்றார் வாசிக்கிறேன்.
— வாசகர், இணுவில்

ப: தம்பி, நீங்கள் ஸ்கேல் வாசிக்கிறீர்கள், அது போய்ச் சேரவில்லை. பிரச்சினை அவ்வளவுதான்.

இணுவிலில் இருந்துகொண்டு தவில் கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். தீர்மானம் (முடிப்புக் கோவை) வைக்கும்போது நடுவில் எத்தனை குழப்படி செய்தாலும், எடுப்பில், பாட்டு தொடங்குகிற இடத்தில், டக்கென்று விழுந்தால் சனம் தலையாட்டும். அரை மாத்திரை தள்ளி விழுந்தால் நடுவில் செய்த வித்தை எல்லாம் பிழையாகவே கேட்கும். ஆல்டர்ட் சுரங்களும் இதே சாதி. அவை தனியாக அழகில்லை, சொல்லப்போனால் தனியாகக் கேட்டால் கொஞ்சம் அசிங்கம்கூட. அடுத்த கோர்ட்டின் முதல் தட்டில் எங்கே இறங்குகின்றன என்பதில்தான் எல்லாம்.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். அந்த ஏழு சுரத்தில் இல்லாதவை எவை? சி, டி, ஈ, ஏ, பிறகு எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவில் உள்ள கறுப்புக்கட்டை. கறுப்பை விடுங்கள். சி, டி, ஈ, ஏ நாலையும் ஜி-யோடு சேர்த்து அமுக்கினால் அச்சொட்டாக சி 6/9 கோர்ட், அதாவது நீங்கள் போய்ச் சேரவேண்டிய வீடு. வீட்டுச் சுரங்களில் ஜி ஒன்றைத்தவிர மற்றது ஒன்றுமே ஆல்டர்ட் ஸ்கேலில் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் அரைச்சுரத்தில் ஒவ்வொரு ஆள் நிற்கிறது: சி-க்கு பி-யும் டி பிளாட்டும், டி-க்கு டி பிளாட்டும் ஈ பிளாட்டும், ஈ-க்கு ஈ பிளாட்டும் எஃப்-உம், ஏ-க்கு ஏ பிளாட்டும் பி பிளாட்டும். எந்த இடத்தில் நின்றாலும் ஒரு ஃபிரெட் நகர்ந்தால் வீடு. ஆகவே கீழே இருந்து மேலே ஏறிப் பழகாதீர்கள், முடிவில் இருந்து பின்னோக்கிப் பழகுங்கள். முதலில் வெறும் இரண்டு சுரம்: ஏ பிளாட் – ஜி. அடுத்து ஈ பிளாட் – டி. அடுத்து டி பிளாட் – சி. ஒவ்வொன்றிலும் இரண்டாவது சுரம் சி கோர்ட்டின் முதல் தட்டில் விழவேண்டும். இது காதில் ஊறிய பிறகுதான் நீட்ட வேண்டும்.

நீட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று தருகிறேன், ஒரு பாருக்கு (நாலு தட்டுள்ள ஒரு சுற்றுக்கு) எட்டுச் சுரம், சம இடைவெளியில்: எஃப், ஏ பிளாட், பி, ஈ பிளாட், டி பிளாட், பி, பி பிளாட், ஏ பிளாட். அடுத்த பாரின் முதல் தட்டில் ஜி. முதல் நாலும் மேலே தாவுகின்றன, பிறகு படிப்படியாக வழுக்கி ஜி-யில் வந்து உட்கார்கிறது. இதன் வாலை மட்டும் மாற்றிப் பாருங்கள்: எஃப், ஏ பிளாட், பி, ஈ பிளாட், டி பிளாட், பி, ஏ பிளாட், எஃப், பிறகு ஈ. இப்போது வேறு நிறம், ஏனென்றால் ஈ-யில் விழுந்தால் மேஜர் என்று வெளிச்சமாகத் தெரியும், ஜி-யில் விழுந்தால் மேஜரா மைனரா என்று சொல்லாமல் விட்டுவிடலாம். சி மைனருக்குப் போகும்போது முதல் வாலை வையுங்கள். பின்னால் ஒருவர் கோர்ட் பிடிக்க ஆள் இல்லையென்றால் ஃபோனில் ஜி7-ஐயும் சி-யையும் மாறிமாறி ஒவ்வொரு பார் பதிந்துவிட்டு அதற்கு மேல் வாசியுங்கள். அடியில் கோர்ட் இல்லாமல் இதைப் பழகுவது வீண்.

பன்னிரண்டு கட்டை வேகத்தைக் கொஞ்சக் காலம் மூட்டைகட்டி வையுங்கள்.

கே: கல்யாண வீடுகளிலும் சேர்ச்சிலும் கீபோட் வாசிக்கிறேன். பாட்டின் நடுவில் ஆல்டர்ட் கோர்ட் போட்டேன், பாடகர் திரும்பி முறைத்தார். எப்போது போடலாம், எப்போது கூடாது?
— வாசகர், குருநகர்

ப: முறைத்தது நியாயம். அவர் அந்த நேரத்தில் எந்தச் சுரத்தில் நின்றார் என்று பாருங்கள். ஜி7 வருகிற இடத்தில் பாட்டு டி-யில் நின்றால் நீங்கள் டி பிளாட்டோ ஈ பிளாட்டோ அமுக்கினால் அவருக்குச் சுருதி விட்டதுபோல இருக்கும், பாவம், அவர்தான் பிழை விட்டார் என்று சபை நினைக்கும். பாட்டு ஏ-யில் நின்றால் ஏ பிளாட்டும் பி பிளாட்டும் வேண்டாம், வெறும் ஜி9 (ஜி7-ஓடு ஏ) போதும். பாட்டு ஈ-யில் நின்றால் ஈ பிளாட் கூடாது, ஆனால் ஏ பிளாட்டை வைக்கலாம், எஃப், பி, ஈ, ஏ பிளாட் என்று பிடித்துப் பாருங்கள், நன்றாகவே இருக்கும். அது ஆல்டர்ட் குடும்பம் இல்லை, அரைச்சுரம் முழுச்சுரம் என்று மாறிமாறி ஏறுகிற டிமினிஷ்ட் ஸ்கேலின் ஆள்.

பாட்டு ஜி-யிலோ எஃப்-இலோ பி-யிலோ நின்றால், அல்லது பாடகர் மூச்சு விடுகிற இடமென்றால், தாராளமாகப் போடுங்கள். இடது கையில் எஃப்-உம் பி-யும் மட்டும். வலது கையில் ஈ பிளாட் மேஜர் பிடித்தால் ஒரு ருசி, டி பிளாட் மேஜர் பிடித்தால் இன்னொரு ருசி, ஏ பிளாட் மைனர் பிடித்தால் மூன்றாவது. மூன்றும் அந்த ஸ்கேலுக்குள் உள்ளவைதான். ஜி-யைப் பேஸ் கிற்றார்காரருக்கு விட்டுவிடுங்கள், அவரும் டி-யை அடிக்காமல் இருந்தால் நல்லது, முதலே சொல்லி வையுங்கள்.

மைனருக்குப் போகிற ஐந்தாம் கோர்ட்டில் (சி மைனருக்கு ஜி7) இது பெரும்பாலும் உறுத்தாது, ஏ பிளாட்டும் ஈ பிளாட்டும் சி மைனருக்குச் சொந்தச் சுரங்கள்தானே. மேஜர் பாட்டில், அதிலும் சபை சேர்ந்து பாடுகிற துதிப்பாடலில், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. அங்கே உங்கள் வேலை சனத்துக்குச் சுருதி காட்டுவது.

கே: இந்தச் சுரங்களில் கமகம் போடலாமா?
— வாசகர், சாவகச்சேரி

ப: அடியில் எஃப்-உம் பி-யும் ஒலித்துக்கொண்டிருக்க ஏ பிளாட்டை ஆட்டினால் எந்தச் சுரம் எங்கே இறங்கப்போகிறது என்ற இழுபறி கலைந்துவிடும், ஆகவே கம்பிதம் வேண்டாம். ஜாரு வேலை செய்யும். பி பிளாட்டில் இருந்து பி-க்கு வழுக்குவது ப்ளூஸ்காரரின் சொத்து, அதை வயலினில் நம்மவர்கள் அவர்களைவிட நன்றாகவே செய்வார்கள்.

கே: இதை யார் தொடக்கினார்கள்? எங்கள் பக்கத்துக்கும் ஜாஸுக்கும் ஏதும் தொடர்பு உண்டா?
— வாசகி, சுன்னாகம்

ப: ஒருவர் என்று சொல்ல ஏலாது. 1940களில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்ரன்ஸ் என்ற விடுதியில் இரவிரவாகக் கூடி வாசித்த கூட்டம், சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி போன்றவர்கள், இப்படி நகர்த்திய சுரங்களைச் சரமாரியாக அள்ளிவிட்டார்கள். பீபொப் என்று பெயர் வாங்கியது அது. அவர்கள் கோர்ட்டும் காதுமாக வாசித்தார்கள், ஸ்கேல் என்று அட்டவணை போட்டுக் கற்பிக்கிற பழக்கம் பிறகு பரவியது. பியானோவில் இந்த நிறத்தைக் கேட்கவேண்டுமென்றால் பட் பவலின் வலது கையையும் பில் எவன்ஸின் இடது கையையும் கேளுங்கள்.

எங்கள் பக்கத் தொடர்பு என்றால் உண்டு, பலருக்குத் தெரியாது. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் சின்ன வயதில் இங்கே வளர்ந்தவர்கள், 1958 கலவரத்துக்குப் பிறகுதான் குடும்பம் இந்தியா போனது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான எல். சங்கர் 1970களில் கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லாஃப்லினுடன் சக்தி என்ற குழுவில் வாசித்தார், தபேலாவுக்கு சாகீர் உசேன், கடத்துக்கு விநாயக்ராம். அவருடைய அண்ணன் எல். சுப்பிரமணியம் ஸ்டெஃபான் கிராப்பெல்லி என்ற பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதையோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார். ஆனால் ஒன்று: ஆல்டர்ட் டொமினன்ட் தேடிக்கொண்டு சக்தியிடம் போகாதீர்கள். அங்கே கோர்ட் மாறி மாறிப் போகிற பயணம் குறைவு, ஒரே சட்ஜத்தில் நின்று லயத்தில் விளையாடுகிற இசை அது. கேட்கிறதென்றால் அதற்காகக் கேளுங்கள்.

கே: மெட்ரோனோமை எந்தத் தட்டில் வைப்பது?
— வாசகர், மானிப்பாய்

ப: இரண்டிலும் நாலிலும். ஒன்றை நீங்களே காலால் போடுங்கள், அது கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.