நச்சு வாயுவின் முன் வீரர்கள் நின்றது மன உறுதியால் மட்டுமா?

முதல் உலகப் போரில் நச்சு வாயுத் தாக்குதலுக்கு ஆளான வீரர்கள் தம் இடத்தை விட்டு அகலாமல் நின்றது எப்படி, அது மன உறுதி ஒன்றினால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மன உறுதி இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நின்றவன் பிழைத்ததற்கும் ஓடியவன் மாண்டதற்கும் அப்போது விடப்பட்ட குளோரின் வாயுவின் இயல்பே பெருமளவு காரணம் என்பது, பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் என் கருத்து.

1915 ஏப்ரல் 22 அன்று மாலை ஐந்து மணியளவில், பெல்ஜியத்தின் இப்ரெ நகருக்கு வடக்கே, ஜெர்மானியர் 5,700-க்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்து 150 டன்னுக்கும் அதிகமான குளோரினைக் காற்றில் விட்டனர். எதிரே இருந்த பிரெஞ்சுப் படையினருக்கும் அல்ஜீரியப் படையினருக்கும் முகமூடியும் இல்லை, ஊர்ந்து வரும் அந்தப் பசுமஞ்சள் மேகம் என்னவென்ற அறிவும் இல்லை, அவர்கள் ஓடினார்கள். அதைக் கோழைத்தனம் என்று எழுதுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது; எனவே பதுங்குகுழியின் அடித்தளத்தில் தேங்கும். தூக்குப்படுக்கையில் தரையோடு கிடந்த காயம்பட்டவர்களே மிகுதியாகத் துன்புற்றார்கள். காற்று வீசிய திசையிலேயே ஓடியவர்கள் மேகத்தோடு சேர்ந்தே ஓடினார்கள். மூச்சிரைக்க இரைக்க நஞ்சையும் கூடுதலாக இழுத்தார்கள். குழியின் விளிம்பில் நிமிர்ந்து நின்று மேகத்தைக் கடந்துபோக விட்டவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது. ஆனால் முதல் மேகத்தை எதிர்கொண்டவனுக்கு இதை யார் சொல்லியிருக்க முடியும்?

ஆய்வகத்தில் மாங்கனீசு டையாக்சைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்துக் குளோரின் தயாரிக்கும்போது, சன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தும் சிறிதளவு மூக்கில் ஏறிவிட்டால் தொண்டை எரிந்து இருமல் அடங்க நெடுநேரம் ஆகும். போர்க்களத்தில் அது நுரையீரலின் ஈரத்தோடு வினைபுரிந்து அமிலங்களாக மாறி, திசுக்களை அரித்து, நுரையீரலில் நீர் கோக்கச் செய்தது. தரையில் இருந்துகொண்டே நீரில் மூழ்குபவனைப் போல மூச்சுத் திணறி, சிலர் பல மணி நேரம் கழித்துத்தான் இறந்தார்கள்.

ஏப்ரல் 24 அதிகாலையில் கனடியப் படைப்பிரிவின் மீது குளோரின் விடப்பட்டபோது, இது இன்னதென்று அவர்கள் ஓரளவு அறிந்திருந்தார்கள். கைக்குட்டையையோ கட்டுத்துணியையோ தண்ணீரிலும், அது கிடைக்காத இடத்தில் சிறுநீரிலும் நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார்கள். சிறுநீரின் அம்மோனியா குளோரினை முறிக்கும் என்று விளக்கம் சொல்வார்கள்; குளோரின் நீரில் கரையும் என்பதால் ஈரம்தான் பெரிதும் உதவியிருக்கும் என்று நான் எண்ணுகிறேன். கண்ணில் நீர் வழிய அவர்கள் சுட்டுக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த ராஸ் துப்பாக்கிகள் சூடேறி அடிக்கடி சிக்கிக்கொண்டன. அதன் தாழ்ப்பாளைப் பூட்ஸ் குதிகாலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. வாயுவைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கூடுதல் துன்பத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்திய இராணுவத்தின் லாகூர் படைப்பிரிவும் அங்கே வரவழைக்கப்பட்டு, ஏப்ரல் 26 அன்று முறையான முகமூடி ஏதுமின்றித் தாக்குதலில் இறங்கி, குளோரினுக்குள் சிக்கியது. 57-ஆம் வைல்ட் ரைபிள்ஸ் படையோடு இணைந்து போரிட்ட ஜமேதார் (இந்தியப் படையின் இளநிலை அதிகாரி) மீர் தஸ்த், ஆங்கில அதிகாரிகள் அனைவரும் வீழ்ந்த பின் எஞ்சியவர்களைத் திரட்டி இருள் கவியும்வரை தாக்குப்பிடித்தார். பின்னர் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே எட்டு அதிகாரிகளைத் தூக்கி வர உதவினார். அதற்காகப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற அவரும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டவரே.

1916-இல் பெட்டி வடிகட்டி கொண்ட முகமூடி வந்தபின், தாங்குவது என்பதன் தன்மையே மாறிவிட்டது. மூக்கைக் கவ்வி இறுக்கி, ரப்பர்க் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆவி படிந்த கண்ணாடி வழியே எதிரியைத் தேடியபடி மணிக்கணக்கில் இருக்க வேண்டும்; அங்கே வீரத்தைவிடப் பொறுமைக்கும் பயிற்சிக்குமே வேலை அதிகம். 1917 ஜூலையில் அதே இப்ரெ பகுதியில் கடுகு வாயு வந்ததும் அந்தப் பயிற்சியும் போதாமல் போயிற்று. அது தோலையும் கொப்புளமாக்கியது. பட்ட உடனே வலி தெரியாது, சில மணி நேரம் கழித்தே கண் வீங்கி மூடும். மண்ணில் படிந்து நாள்கணக்கில் தங்கும். இடத்தை விட்டு அகலாமல் நிற்பது என்ற பழைய பாடம் அங்கே பயன்படவில்லை.