டிசம்பர் முழுக்க இரவு ஷிப்ட். கிறிஸ்துமஸுக்கு மனதை எப்படித் தயாரிப்பது?

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர். குளிர் தொடங்கினால் வார்டு நிரம்பிவிடும். டிசம்பரில் பாதி நாள் இரவு ஷிப்ட். வீட்டில் இரண்டு பிள்ளைகள், கோவிலில் பாடகர் குழு வேறு. கிறிஸ்துமஸ் இரவில் பாடும்போது மனசு வெறுமையாக இருக்கிறது. ஒன்பது நாள் தியானத்துக்குப் போக வழியில்லை. பணம் கட்டினால் நமக்காக நவநாள் செபித்து, நள்ளிரவுத் திருப்பலியிலும் பெயர் வாசிப்பார்கள் என்று ஒரு வாட்ஸாப் குழுவில் சொல்கிறார்கள். சேரலாமா சாமி?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேராதீர்கள்.

உங்களுக்காக மற்றவர் செபிக்கலாம். ஆனால் தயாரிப்பை ஆள் வைத்துச் செய்ய முடியாது. பூசைக்குக் கருத்து கொடுப்பதில், அதாவது இன்ன தேவைக்காகப் பூசை வையுங்கள் என்று கேட்பதில், தவறே இல்லை. அதை உங்கள் பங்குச் சாமியாரிடம் நேரில் கொடுங்கள். திருப்பலிக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 947-ஆம் எண். கையில் காசில்லாதவர்களின் கருத்துக்காகக் காணிக்கை வாங்காமலே பூசை வைக்கும்படி அருட்பணியாளர்களைக் கேட்டுக்கொள்கிறது 945-ஆம் எண். பிறகு நடுவில் தரகருக்கு என்ன வேலை? எந்தக் கோவில், எந்தச் சாமியார், எந்தத் தேதி என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. இன்னும் சிலர் புனிதரின் திருப்பண்டம், அதாவது அவரது உடலின் பகுதி அல்லது அவர் பயன்படுத்திய பொருள், என்று சொல்லி ஏதாவது விற்பார்கள். திருப்பண்டத்தை விற்பதே 1190-ஆம் எண்ணின்படி தடை. ‘பன்னிரண்டு பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும்’ என்று வரும் செய்திகளைப் படிக்காமலே அழித்துவிடுங்கள்.

சரி, உங்கள் உண்மையான கவலைக்கு வருவோம். வேலை ஓய்ந்தால்தான் ஆண்டவருக்கு வழி ஆயத்தம் செய்ய முடியும் என்று நினைக்கிறீர்கள். லூக்கா 3-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வரி வசூலிப்பவர்களும் படைவீரர்களும் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வாருங்கள் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார், மிரட்டிப் பறிக்காதே என்கிறார். அவரவர் தொழிலில் எங்கே சறுக்குமோ சரியாக அங்கே கை வைக்கிறார். பிறப்புச் செய்தியை முதலில் கேட்ட இடையர்களும் இரவு வேலையில் இருந்தவர்கள்தானே. நீங்கள் எரிந்து விழும் ஒரு நோயாளி இருப்பார், பேச்சை நிறுத்திவிட்ட ஒரு சக செவிலியர் இருப்பார். இந்த வருடம் அங்கிருந்து தொடங்குங்கள்.

வாசிப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. லூக்காவின் முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள், இரண்டாவதில் 52, மொத்தம் 132. கிறிஸ்துமஸுக்குத் தயாரிக்கும் திருவருகைக் காலம் நவம்பர் 30-ஐ ஒட்டிய ஞாயிறன்று தொடங்குகிறது; அது மிகக் குறுகிய வருடத்திலும் 22 நாள் இருக்கும். நாளுக்கு ஆறு வசனம் வாசித்தால் போதும். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வாசித்துவிடலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பன்னிரண்டாக ஈடுகட்ட வேண்டாம், விட்ட இடத்தில் தொடருங்கள்.

ஞாயிற்றுப் பூசை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஷிப்டில் இருப்பவர்கள் இதில்தான் வீணாக மனம் உடைகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றால், ஞாயிறன்று பூசை காண வேண்டும் என்ற கடமை நிறைவேறிவிடும். அரைக் கடமை, முக்கால் கடமை என்றெல்லாம் கிடையாது. உங்கள் பங்குக் கோவிலில்தான் என்ற கட்டாயமும் இல்லை. சனி மாலையும் டியூட்டி, ஞாயிறு முழுக்கவும் டியூட்டி, மாற்றிவிட ஆள் இல்லை என்றால் அந்த வாரம் உங்களுக்குக் கடமையே இல்லை, நோயாளியை விட்டு வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாலும் அப்படியே. அன்றைய நற்செய்தியை வாசித்துச் சிறிது நேரம் செபியுங்கள். இதற்காகப் பாவசங்கீர்த்தனத்தில் வந்து அழ வேண்டாம். துணி எடுக்கப் போனவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது!

பாவசங்கீர்த்தனம் என்றதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேரல் பயிற்சிக்கு மூன்று வாரம், குடில் போட்டிக்கு ஒரு குழு, மேடைக்கு ஒரு குழு. பாவசங்கீர்த்தனத்துக்கோ 23-ஆம் தேதி மாலை அரை மணி நேரம். மக்களுக்கு வசதியான நாளிலும் நேரத்திலும் பாவசங்கீர்த்தனம் கேட்க ஏற்பாடு செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று 986-ஆம் எண் சொல்கிறது. எத்தனை அறிவிப்புப் பலகையில் அந்த நேரம் எழுதியிருக்கிறது? கூட்டத்தைக் காரணம் காட்டி, ஒவ்வொருவரின் பாவசங்கீர்த்தனத்தையும் தனித்தனியே கேட்காமல் மொத்தமாகப் பாவமன்னிப்பு கொடுத்து அனுப்புவதும் சில இடங்களில் நடக்கிறது. திருவிழாக் கூட்டம் மட்டும் அதற்குப் போதிய காரணம் அல்ல என்று 961-ஆம் எண் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே வரிசையில் நிற்கக் காத்திருக்காமல், டிசம்பர் முதல் வாரத்திலேயே போன் செய்து உங்களுக்குத் தோதான நேரம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

பாடும்போது மனசு வெறுமையாக இருப்பது பாவமல்ல, பெரும்பாலும் தூக்கக் குறைவு. இரவு ஷிப்ட் முடிந்த மறுநாள் பயிற்சிக்கு வர முடியாது என்று குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். 25-ஆம் தேதியே டியூட்டி விழுந்தாலும் விழா கைநழுவிப் போகாது. அதன் எண்கிழமை, அதாவது எட்டு நாள் கொண்டாட்டம், ஜனவரி 1 வரை நீள்கிறது, கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை. அந்த நாட்களில் விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.