எத்தனை டன் வின்ச்? முதலில் எடைமேடைக்குப் போங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், லாரியைப் பயண வீடாக மாற்றிக்கொண்டு நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் எழுதியவை. வின்ச் என்றால், சேற்றில் மாட்டிய வண்டி மரத்தில் கயிற்றைக் கட்டித் தன்னையே இழுத்துக்கொள்ள உதவும் எந்திரம். எல்லோரும் அதன் மாடல் நம்பரைத் தவறாமல் எழுதியிருக்கிறார்கள். வண்டியின் எடையை எழுதியவர்கள் இரண்டே பேர்.

கேள்வி (கோவை): பழைய 4x4 லாரி ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். எத்தனை டன் வின்ச் வாங்கலாம்?

வண்டி எத்தனை டன் என்று சொல்லாமல் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை உதவாது. டீசல், தண்ணீர்த் தொட்டி இரண்டையும் நிரப்புங்கள். கட்டில், அடுப்பு, பேட்டரி, ஸ்டெப்னி, ஆட்கள் எல்லாம் ஏறியபிறகு எடைமேடையில் நிறுத்துங்கள். முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் போட்டுப் பாருங்கள்.

10 டன் என்று வைத்துக்கொள்வோம். எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் 15 டன். கடையில் எளிதாகக் கிடைக்கும் மின்சார வின்ச் 20,000 பவுண்டோடு, அதாவது 9 டன்னோடு நின்றுவிடும். அதனால்தான் கப்பி. மரத்தில் ஒரு கப்பி போட்டு, கயிற்றை அதில் சுற்றி வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து இரட்டித்தால், உராய்வு போக 16 டன் கிடைக்கும். உங்களுக்கு அது போதும்.

ஆனால் அந்த 9 டன் என்பது கயிறு சுற்றும் டிரம்மின் அடி அடுக்கில் மட்டும் கிடைப்பது. மேலே ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து, பதினைந்து சதவீதம் குறையும். நான்காவது அடுக்கில் 6 டன்தான் மிஞ்சும். மரம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஐந்து மீட்டர் கயிற்றை மட்டும் உருவி இழுப்பவர், வாங்கிய வின்ச்சில் மூன்றில் ஒரு பங்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். கயிற்றை நீளமாக விடுங்கள். டிரம்மில் கம்பிக் கயிறு என்றால் ஐந்து சுற்று, செயற்கைக் கயிறு என்றால் எட்டு, பத்து சுற்று மிச்சம் இருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): என் லாரி 24 வோல்ட். 12 வோல்ட் வின்ச் மலிவாக வருகிறது. ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்தது. அதில் ஒன்று வடிந்துபோகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகிக் கெடும். 24 வோல்ட் வின்ச்சே வாங்குங்கள். அதே வேலைக்குப் பாதி ஆம்ப்தான் இழுக்கும், கேபிள் சூடும் குறையும்.

கேள்வி (ஈரோடு): மின்சார வின்ச்சா, ஹைட்ராலிக்கா?

வருடத்துக்கு இரண்டு முறை மாட்டுகிறவருக்கு மின்சாரம் போதும். பொருத்துவது எளிது, இன்ஜின் நின்றுவிட்டாலும் சில நிமிடம் ஓடும். அந்தச் சில நிமிடம்தான் அதன் எல்லையும். முழுச் சுமையில் நூற்றுக்கணக்கான ஆம்ப் இழுக்கும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதில் ஒரு பகுதியைத்தான் திருப்பிக் கொடுக்கும். மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியா, மாதம் தவறாமல் சேற்றில் இறங்குகிறீர்களா, அப்படியென்றால் கியர்பாக்ஸ் பி.டி.ஓ.வில், அதாவது இன்ஜின் சக்தியை வெளி வேலைக்கு எடுக்கும் தண்டில், தனி எண்ணெய்ப் பம்ப் வைத்து ஹைட்ராலிக் போடுங்கள். மெதுவாக இழுக்கும், ஆனால் மணிக்கணக்கில் இழுக்கும். ஓடையில் இன்ஜின் நின்றுவிட்டால் மட்டும் அது வெறும் இரும்பு.

கேள்வி (கரூர்): வின்ச் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பட்டறையில் சேஸிஸ் முனையில் பிளேட்டை வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். அரை நாள் வேலைதானாம். செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. லட்சங்களைப் போட்டு வின்ச் வாங்கியவர், அதைத் தாங்கும் இடத்துக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குகிறார்.

லாரியின் சேஸிஸ் சட்டம் சாதாரணக் கோண இரும்பு அல்ல. அதிக வலுவுள்ள எஃகை C வடிவில் மடித்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டி எஃகின் குணமே மாறிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மேடு பள்ளத்தில் சட்டம் முறுகி முறுகி, ஐந்தாறு மாதம் கழித்து வெல்டின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல் விடும். அதன்மேல் 9 டன் இழுவை வந்தால் என்ன ஆகும்?

பத்து வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலம். கரிசல் காட்டுக்குள் இறங்கிய போர்வெல் ரிக் லாரி அச்சு வரை புதைந்துவிட்டது. இழுக்க வந்த லாரியின் வின்ச் பிளேட் வெல்டு வைத்தது. இரண்டாவது இழுப்பில் பிளேட் ஒரு பக்கம் பிய்ந்து, வின்ச்சோடு திரும்பித் தொங்கியது. கயிறு அறுந்து பறந்து, வரப்பில் இருந்த வேலிக்கல்லை இரண்டாக உடைத்தது. கயிற்றின் வழியில் ஒருவரும் நிற்கக் கூடாது என்று முன்பே விரட்டியிருந்ததால் அன்று எல்லோரும் வீடு திரும்பினோம். அந்தக் கல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, எப்படிச் செய்வது? போல்ட்தான். 10.9 என்ற அதிக வலுத் தரம், ஓட்டையில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். சட்டத்தின் மேல் கீழ் மடிப்புகளில் துளை போடவே கூடாது, நிற்கும் பக்கத் தகட்டில் மட்டும்தான். கம்பெனியே விட்டிருக்கும் ஓட்டைகளை முதலில் பயன்படுத்துங்கள். புது ஓட்டை வேண்டுமென்றால், எங்கே போடலாம் என்று பாடி கட்டுவோருக்காக வண்டிக் கம்பெனி தரும் குறிப்பேட்டைப் பாருங்கள். பக்கத் தகடுகளை முன் அச்சுப் பக்கமாகப் பின்னால் நீட்டி, சுமை பல போல்ட்களில் பரவும்படி செய்யுங்கள். இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் இல்லாமல் வின்ச்சை வைக்காதீர்கள். சாய்வாக இழுக்கும்போது ஒரு சட்டம் மட்டும் சுமையை வாங்கி வளைந்துவிடும்.

இன்னொன்று. கப்பியில் இருந்து திரும்பி வரும் கயிற்று முனையை வின்ச் பிளேட்டிலேயே மாட்டுகிறார்கள். அப்போது இரட்டிப்பு இழுவை முழுவதும் அந்த ஒரே பிளேட்டில் விழும். சேஸிஸில் தனியாகப் போல்ட் போட்ட கொக்கியில் மாட்டுங்கள்.

பட்டறைக்காரர் கெட்டவர் அல்ல, தெரிந்த வேலையைச் சொல்கிறார். நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கேள்வி (சென்னை): பம்பரிலேயே மாட்டினால் என்ன?

பம்பர் கையோடு வந்துவிடும். அதோடு, பம்பரில் அனுமதியில்லாமல் பொருத்தும் கிராஷ் கார்டுகள், அதாவது இரும்புத் தடுப்புகள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எதை மாற்றுவதானாலும் ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி (திருச்சி): கம்பிக் கயிறா, செயற்கைக் கயிறா?

பாறையும் மணலும் உரசும் இடத்தில் கம்பி தாங்கும். ஆனால் அறுந்தால் ஆளை வெட்டும். செயற்கைக் கயிறு எடை குறைவு, அறுந்தாலும் அந்த வேகத்தில் திரும்பி வராது. வெயில், கூர்மையான கல், இழைக்குள் புகும் மணல் மூன்றும் அதற்கு ஆகாது. சூடும் ஆகாது. 145 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும் இழை அது, அதற்கு வெகுமுன்பே வலு குறையும். கயிறு சுற்றும் டிரம்முக்குள்ளேயே பிரேக் இருக்கும் வின்ச்சில், சரிவில் வண்டியை இறக்கும்போது டிரம் கொதிக்கும். அந்த வகை வின்ச்சுக்கு நான் கம்பிதான் சொல்வேன். வின்ச்சின் வாயில் கம்பி ஓடித் தேய்ந்த ரோலரில் செயற்கைக் கயிற்றை ஓட விடாதீர்கள், பிசிறு அறுத்துவிடும். எந்தக் கயிறானாலும் நடுவில் கனமான ஈரச் சாக்கைப் போடுங்கள், கயிற்றின் வழியில் நிற்காதீர்கள்.

கேள்வி (மஸ்கட்): என் யூனிமாக்கில் (மெர்சிடிஸ் 4x4 லாரி) பி.டி.ஓ. தண்டில் ஓடும் பழைய வின்ச் இருக்கிறது. ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறது. உறுதியான போல்ட் போட்டுவிடலாமா?

ஐயா, அந்த போல்ட் அறுவதற்காகவே வைத்தது. அது அறாவிட்டால் தண்டோ, கியரோ, கயிறோ அறும். கம்பெனி சொன்ன போல்ட்டையே போடுங்கள், பையில் பத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கப்பியைப் பயன்படுத்தப் பழகுங்கள்.

கேள்வி (பெங்களூரு): குஜராத்தில் கட்ச் ரண் போகிறோம். அங்கே மரமே இல்லையாமே, வின்ச்சை எதில் கட்டுவது?

நல்ல கேள்வி. உப்பு ஓட்டுக்கு அடியில் சேறு, கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரம் கிடையாது. முதலில் டயர் காற்றைக் குறைத்து, மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் வெட்டி, பலகை போட்டுப் பாருங்கள். ஆழமில்லாத சேற்றில் 10 டன் வண்டியை நகர்த்த மூன்று, நான்கு டன் இழுவை போதும். சக்கரத்தின் நடுக் குடம் வரை புதைந்தால் 10 டன், அதற்கும் மேல் புதைந்து வயிறு தரையில் உட்கார்ந்தால் 20. வெட்டி எடுக்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் வின்ச்சுக்கு ஓய்வு.

அதற்கும் வரவில்லையென்றால் ஸ்டெப்னியைப் புதையுங்கள். கெட்டியான இடமாகப் பார்த்து, இழுக்கும் திசைக்குக் குறுக்கே ஒரு மீட்டருக்குக் குறையாத குழி. ஸ்டெப்னியில் கட்டிய இழுவைப் பட்டை வெளியே வர, வண்டிப் பக்கம் சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். நேராக மேலே தூக்கினால் சக்கரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கூடவே மூன்று டன் கை வின்ச் ஒன்று, டிர்ஃபார் வகை, வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமாகவும் இழுக்கும், பேட்டரி கேட்காது.

கேள்வி (சேலம்): முன்னால் மாட்டவா, பின்னால் மாட்டவா?

மாட்டிக்கொண்டவருக்கு வந்த வழியே திரும்புவதுதான் பெரும்பாலும் நல்லது. அந்தக் கணக்கில் பின்னால். ஆனால் எல்லோரும் முன்னால்தான் மாட்டுகிறார்கள். வின்ச், பிளேட், கயிறு சேர்ந்தால் 200 கிலோ. அது அச்சுக்கு முன்னால் தொங்குவதால் முன் அச்சில் ஏறுவது அதைவிட அதிகம். எடைமேடைச் சீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி (சேலம், இன்னொருவர்): டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போடலாமா?

கூடாது. அது பிய்ந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

கேள்வி (தூத்துக்குடி): புது வின்ச் மாட்டியாயிற்று. அப்படியே கிளம்பலாமா?

முதலில் கயிற்றைக் கடைசிச் சுற்றுகள் வரை உருவுங்கள். லேசான ஏற்றத்தில் நியூட்ரலில் நிறுத்தி, ஒருவர் பிரேக்கை மெல்லத் தொட்டபடி இருக்க, வண்டி தன்னையே இழுத்துக்கொள்ளட்டும். கயிறு இறுக்கமாகவும் வரிசையாகவும் சுற்றிக்கொள்ளும். தளர்வாகச் சுற்றிய கயிறு, முதல் பெரிய சுமையிலேயே கீழ் அடுக்குக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். இறங்கிவந்து போல்ட்களின் இறுக்கத்தை எல்லாம் டார்க் ஸ்பேனர் வைத்து மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை பாருங்கள்.