‘எப்படிப் போட்டே, சொல்லிக்கிட்டே போடு’ என்று கேட்கும் பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. மகள் இரண்டு முறை நீட் எழுதியும் சீட் கிடைக்கவில்லை. பெரிய மாமா இன்னொரு வருடம் கோச்சிங்கில் போடச் சொல்கிறார். சித்தப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். மூன்றாவதாக ஒரு வழி சொல்கிறேன்: மனிதர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்து ஆராயும் வேலை.

வெளிநாட்டுக் கணக்கைப் பாருங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம். அங்கேயே 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்ததும் 300 கேள்விகள் கொண்ட தகுதித் தேர்வு, அதில் 150 எடுத்தால்தான் தேர்ச்சி. பல அமர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை. தேறினால் இங்கே மறுபடி 12 மாதம் பயிற்சி. அத்தனை காலமும் வட்டி ஓடும். இருக்கிற ஒரே வீட்டை இதற்கு வைக்காதீர்கள். யோசனை சொல்பவர் தவணை கட்டப்போவதில்லை.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: “டியூஷன் பிள்ளைகளின் தப்புக் கணக்கை அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போக மாட்டேன் என்கிறாள். ‘எப்படிப் போட்டே, சொல்லிக்கிட்டே மறுபடி போடு’ என்று அரை மணி நேரத்தை வீணாக்குகிறாள்.” அது வீண் இல்லை. ஆராய்ச்சி உலகில் அதற்கு ‘திங்க் அலவுட்’ என்று பெயர், அதாவது சத்தமாக யோசிக்கவைத்துப் பதிவு செய்வது. உளவியல் ஆய்வாளர்களான ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் அதற்கு உறுதியான அடித்தளம் போட்டார்கள்.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. விடைத்தாளில் அது வெறும் தப்பு. சொல்லிக்கொண்டே போடவைத்தால், “ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சு” என்று வரும். கவனக்குறைவு இல்லை, அது தானே வைத்துக்கொண்ட ஒரு விதி. நூறு கணக்கு கொடுத்தாலும் அதே விதியைத்தான் போடும். எங்கே திருத்த வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது.

மருத்துவ ஆய்விலும் இதே வேலை உண்டு. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில், தூக்கம் வராததையும் அதிகம் தூங்குவதையும் ஒரே கேள்வியில் கேட்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்பதற்குப் பதில், ‘சில நாட்கள்’, ‘பாதி நாட்களுக்கு மேல்’ என்று போகும். ஒருவர் சத்தமாக யோசித்தபடி நிரப்பினால்தான், அவர் கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறாரா, அந்த இரண்டு வாரத்தை எப்படி எண்ணுகிறார் என்பது தெரியும். இதைச் செய்யாமல் மொழிபெயர்த்த படிவத்தை ஆயிரம் பேரிடம் கொண்டுபோனால், வரும் எண்கள் எதை அளக்கின்றன என்றே சொல்ல முடியாது. ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளையும் மக்களிடம் கொடுத்து, கேள்வி கேட்டுச் சோதிக்கிறார்கள். சுற்றுக்குப் பத்துப் பேர் வீதம் இரண்டு சுற்று. 90 சதவீதம் பேர் தேவையான தகவலைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர்களில் 90 சதவீதம் பேருக்குப் புரிய வேண்டும்.

பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் கைப்பழக்கம் கேட்கும் வேலை. முதலில் ஒத்திகைக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பார்கள்: “உங்க வீட்ல மொத்தம் எத்தனை ஜன்னல்? யோசிக்கிறதை அப்படியே சொல்லுங்க.” ஒவ்வொரு அறையாக மனதுக்குள் நடந்து எண்ணத் தொடங்கினால் ஆளுக்கு முறை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகுதான் உண்மையான படிவம். கேட்பவர் நேர் எதிரே உட்காரக் கூடாது, சற்றுப் பின்னால் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஆள் யோசிப்பதை விட்டு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். கொஞ்ச நேரம் மௌனமானால் “பேசிக்கிட்டே இருங்க” என்ற இரண்டு சொல் போதும். ‘ஏன்’ என்று நடுவில் கேட்பதுதான் பெரிய பிழை. 94 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த அலசல் இதைக் காட்டியது: யோசிப்பதை அப்படியே சொல்லும்போது நேரம் கூடுகிறதே தவிர விடையின் தரம் மாறுவதில்லை, காரணம் சொல்லவைத்தால் மாறுகிறது. உங்கள் மகள் ‘ஏன்’ என்று கேட்காமல் ‘எப்படி’ என்று கேட்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே!

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. மரியாதைக்காக “எல்லாம் நல்லா புரியுதுங்க” என்று முடித்துக்கொள்வார்கள். பிள்ளை தடுமாறும்போது டீச்சர் புத்தி வந்து விடை எடுத்துக்கொடுத்துவிடுவோம், அந்தப் பதிவு அதோடு பயனில்லை. இருபது வருட அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் கை தானாகச் செய்வதைப் பேச்சில் சொல்லவே மாட்டார். அப்படிப்பட்ட வேலைக்கு வீடியோ எடுத்து, முடிந்த கையோடு போட்டுக் காட்டிக் கேட்க வேண்டும். இதிலெல்லாம் மோசமானது, பதிவை எழுத்தாக்கும்போது பேச்சுத் தமிழை நூல் தமிழாகத் திருத்துவது. “அது வந்து… இல்ல இல்ல, ரெண்டு வேளை” என்பதில் அந்த ‘இல்ல இல்ல’தான் தரவு. ஒரு மணி நேரப் பதிவை எழுத நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பிறகு துண்டு துண்டாகப் பிரித்து, எது என்ன வகை என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட வேண்டும். சிறுவர்களிடம் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில்.

இதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. உளவியலில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி., பிறகு பொதுச் சுகாதாரத்திலோ உளவியலிலோ கல்வியியலிலோ முதுநிலை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையம், மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களைக் குறித்துவையுங்கள். ஆய்வு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கின்றன: சென்னையில் ஐசிஎம்ஆரின் தொற்றுநோயியல் நிறுவனமும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், மனநலத்துக்கு ஸ்கார்ஃப், வேலூரில் சி.எம்.சி., கல்விக்கு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். மென்பொருள் நிறுவனங்களின் பயனர் ஆய்வுப் பிரிவுகளும் இதே முறையைத்தான் பயன்படுத்துகின்றன.

இரண்டு உண்மைகளை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வு வேலைகள் பெரும்பாலும் திட்ட ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஆரம்பச் சம்பளத்தைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்ல முடியாது. அடுத்து, உளவியல் பட்டம் வாங்கியதும் மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சை கொடுக்க முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப்படிப்பும் பதிவும் வேண்டும். ‘டாக்டர் மாதிரிதான்’ என்று சொல்லிச் சேர்க்காதீர்கள்.

கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அரசு உதவிபெறும் கல்லூரியிலேயே உளவியல் மட்டும் சுயநிதிப் பிரிவில் இருக்கலாம். படிவம் வாங்குமுன் எந்தப் பிரிவு என்று கேட்டு, மூன்று வருடக் கட்டணத்தையும் எழுதி வாங்குங்கள். கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

இந்த வாரமே செய்ய ஒன்று இருக்கிறது. பாட்டி சம்மதித்தால், அவர் தன் மாத்திரைச் சீட்டைப் பார்த்து இன்றைக்கு எதை எப்போது போடுவது என்று சத்தமாக யோசிப்பதை மகள் போனில் பத்து நிமிடம் பதிவு செய்யட்டும். அவள் குறுக்கே பேசக் கூடாது, திருத்தக் கூடாது, முடியும்வரை மருந்தை யாரும் விழுங்கவும் வேண்டாம். பிறகு இழுவை, திக்கல் உட்பட ஒரு வார்த்தை விடாமல் எழுதட்டும். அரை மணியில் சலித்து மூடிவைத்தால் வேறு வழி பேசுவோம். எழுதி முடித்துவிட்டு, “அடுத்தது தாத்தாவைக் கேட்கட்டுமா?” என்றால் கோச்சிங் சென்டருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.