தாளம் யார் கையில்? – ஸ்டூடியோ கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஒரு லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் பெட்டி), ஒரு டிரம் மெஷின், சின்னதாக ஓர் அனலாக் சிந்த் (சிந்தசைசர்). இவ்வளவுதான் என் ஸ்டூடியோ. லேப்டாப்பில் டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 பீட்) வைத்து டிரம் மெஷினை மிடி (கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு) வழியாக ஓட்டினால், பதிவாகும் கிக் டிரம் அடி சரியான இடத்தில் உட்காராமல் பின்தங்குகிறது. புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி, அந்தக் காசு பத்திரமாக இருக்கட்டும். தாமதம் வேறு, தள்ளாட்டம் வேறு. உங்களுக்கு வந்திருப்பது எது என்று முதலில் பார்த்துவிடுவோம். டிரம் மெஷினில் ‘டக்’கென்ற ரிம்ஷாட் ஒலியை மட்டும் ஒவ்வொரு பீட்டுக்கும் அடிக்க விட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, பீட் கோட்டிலிருந்து அடி விழுந்த இடம்வரை எத்தனை சாம்பிள் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். எல்லா அடியும் கிட்டத்தட்ட 300 சாம்பிள் பின்னால் நிற்கிறதா? 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், அது 6.25 மில்லி செகண்ட். பதிவான டிராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்தினால் தீர்ந்தது. மிடி கிளாக்கையே (மிடி வழியே போகும் தாளத் துடிப்பை) அந்த அளவு முன்கூட்டி அனுப்பும் வசதியும் பல மென்பொருள்களில் உண்டு, செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்.

ஓர் அடி 200, அடுத்தது 420, அப்புறம் 260 என்று வந்தால்தான் தலைவலி. மிடி கிளாக், ‘டெம்போ 120’ என்ற எண்ணைக் கருவிக்குச் சொல்வதே இல்லை. ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்புகிறது, அவ்வளவுதான். 120-இல் 20.83 மில்லி செகண்டுக்கு ஒன்று. அந்தத் துடிப்புகளை வைத்துத்தான் கருவி வேகத்தைப் பிடிக்கிறது. லேப்டாப் பத்துப் பன்னிரண்டு பிளக்-இன்களை (கூடுதல் ஒலி மென்பொருள்களை) சுமந்துகொண்டு திணறினாலோ, ஒரே யுஎஸ்பி ஹப்பில் கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தொங்கினாலோ துடிப்புகள் முன்னே பின்னே வரும். பழைய ஐந்து பின் மிடியின் வேகமும் நொடிக்கு 31,250 பிட்தான். ஒரு ஸ்வரம் போகவே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் பிடிக்கும். ஆகவே டிரம் மெஷினுக்கென்று தனி போர்ட் ஒதுக்கி, அதில் கிளாக்கைத் தவிர வேறெதையும் அனுப்பாதீர்கள். ஹப்பையும் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள்.

“டிரம் மெஷினின் கிளாக்தான் ஆடாமல் நிற்கும், கணினி அதன் பின்னால் வரட்டும்” என்று சிலர் சொல்வார்கள். கிளாக் ஆடாமல் நிற்பது என்னவோ உண்மைதான். பின்னால் வரும் கணினி அப்படி நிற்காது. டெம்போ 119.8, 120.2 என்று அலைந்துகொண்டிருக்கும், டெம்போவோடு கட்டிய டிலே (எதிரொலி) எஃபெக்ட்டெல்லாம் குழறும். சீரியல் பின்னணி இசைதான் என் பிழைப்பு. என் அறையில் தாளம் எப்போதும் கணினியின் கையில்தான். அப்படியும் ஒரு கருவி அடங்கவில்லை என்றால், அதன் சொந்த டெம்போவில் தனியாக ஓடவிட்டுப் பதிவு செய்து, நன்றாக வந்த எட்டு பாரை (தாளச் சுற்றை) வெட்டி வைத்துக்கொள்வேன். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: பள்ளியில் இசை ஆசிரியை நான். கீபோர்டை யுஎஸ்பியில் லேப்டாப்போடும், ஆடியோ கேபிளில் இன்டர்ஃபேஸோடும் இணைத்தால் ‘கீய்ங்’ என்று ஓர் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது!
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: சார்ஜர் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் டீச்சர், பாதி வேலை முடிந்தது. கீபோர்டிலிருந்து லேப்டாப்புக்கு யுஎஸ்பி வழியாக ஒரு கிரவுண்ட் (எர்த் இணைப்பு), இன்டர்ஃபேஸ் வழியாக இன்னொரு கிரவுண்ட் என்று ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. கணினியின் மின் இரைச்சல் அந்த வளையத்தில் சுற்றி ஆடியோவுக்குள் நுழைகிறது. இதற்கு 1983-லேயே மருந்து வைத்துவிட்டார்கள். ஐந்து பின் மிடியில் வாங்கும் பக்கத்துக்குள் ஓர் ஆப்டோகப்ளர் உண்டு. தகவல் அதற்குள் ஒளியாகத் தாண்டுகிறது, இரண்டு கருவிகளின் கிரவுண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. உங்கள் கீபோர்டிலும் இன்டர்ஃபேஸிலும் வட்ட மிடி சாக்கெட் இருந்தால் யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் ஆடியோ வழியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை வைத்து, அதில் கிரவுண்டைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டிப் பாருங்கள்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் சத்தம் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிள்ளைகள் தொடும் கருவி அது.

கேள்வி: நாதஸ்வரக் குடும்பம் எங்களுடையது. மென்பொருள் சிந்தில் பிட்ச் பெண்ட் சக்கரத்தை வைத்துத் தோடி வாசித்தேன், நன்றாக வந்தது. அதே மிடி பதிவை வெளிக் கருவிக்கு அனுப்பினால் ஸ்வரமெல்லாம் எங்கோ போகிறது. கமகத்துக்கு இந்த ஹார்டுவேர் லாயக்கில்லையா?
– இளைஞர், தஞ்சாவூர்

பதில்: நன்றாகவே லாயக்குப்படும் தம்பி. சக்கரத்தை முழுதாகத் தள்ளினால் ஸ்வரம் எவ்வளவு நகரும் என்ற அளவு, அதாவது பெண்ட் ரேஞ்ச், இரண்டிலும் வெவ்வேறாக இருக்கிறது, அவ்வளவுதான். சக்கரம் 0 முதல் 16,383 வரை ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. நடு 8,192. அந்த எண்ணுக்கு எத்தனை ஸ்வரத்தானம் (கீபோர்டில் ஒரு கட்டை தூரம்) நகர வேண்டும் என்பதை முடிவு செய்வது வாங்கும் கருவி. உங்கள் மென்பொருளில் 12 ஸ்வரத்தானம் என்று இருந்து, கருவியில் வழக்கமான 2 இருந்தால், சக்கரத்தைப் பாதி தள்ளும்போது அங்கே ஆறு நகரும், இங்கே ஒன்றுதான். இரண்டிலும் ஒரே எண்ணை வைத்துவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள்.

எந்த எண் வைப்பது என்றால், அது வாசிக்கும் விதத்தைப் பொறுத்தது. காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு தோடியின் காந்தாரத்தை அசைத்தால் கீழே ரிஷபம், மேலே மத்யமம், இரு பக்கமும் இரண்டு ஸ்வரத்தானம். 2 போதும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பில் வழுக்கிப் போகும் ஜாரு வேண்டுமானால் ஏழு ஸ்வரத்தானம், அதற்கு 2 போதாது, 12 வைத்துக்கொள்ளலாம். ஆனால் சில மலிவுக் கருவிகள் அந்த நுண்ணிய எண்ணை 128 படியாகக் குறுக்கிவிடும். அப்போது 12 ரேஞ்சில் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 19 சென்ட் (ஒரு ஸ்வரத்தானத்துக்கு நூறு சென்ட்). வழுக்க வேண்டிய ஜாரு படிக்கட்டில் இறங்குவது உங்கள் காதுக்கு உடனே தெரிந்துவிடும். அதே கருவியில் ரேஞ்சை 2 ஆக வைத்தால் படி மூன்று சென்ட்தான், உறுத்தாது. வாங்குவதற்கு முன் கடையிலேயே ரேஞ்சை 12 ஆக்கி, சக்கரத்தை மிக மெதுவாகத் தள்ளிக் கேளுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: அனலாக் சிந்த் வாங்கினால்தான் எலக்ட்ரானிக் இசைக்கு ‘கனம்’ வருமா?
– வாசகி, திருச்சி

பதில்: பெட்டி வாங்கியதால் மட்டும் வராது. 1982-இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இந்தித் திரைப்பட இசைக்கலைஞர் மூன்று ரோலண்ட் நிறுவனக் கருவிகளை வைத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார்: டிபி-303 பாஸ் மெஷின், டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சிந்த். மிடி வந்ததே அடுத்த வருடம். இன்று உலகம் அதைத் தேடிக் கேட்பது அவருடைய ராக ஞானத்துக்காகவும் விரலுக்காகவும். இன்று அந்தப் பெட்டிகளின் மென்பொருள் நகல் லேப்டாப்பிலேயே கிடைக்கிறது, விரல்தான் கிடைப்பதில்லை.

நான் ஹார்டுவேர் வைத்திருப்பதற்குக் காரணம், திருகக் குமிழ் இருந்தால் முடிவு சீக்கிரம் வருகிறது. அதற்கு விலையும் உண்டு. மெமரி இல்லாத சிந்தில் இன்று வந்த ஒலி நாளைக்கு வராது. இயக்குநர் அடுத்த வாரம் வந்து “அதே சவுண்ட், கொஞ்சம் நீளமா” என்பார். ஆகவே பிடித்த ஒலி வந்த உடனே ஆடியோவாகப் பதிந்துவிடுங்கள், ரிவெர்ப் (அறை முழக்க எஃபெக்ட்) இல்லாமல் ஒன்று, ரிவெர்போடு ஒன்று. மிடியையும் வைத்துக்கொள்ளுங்கள். குமிழ்கள் நிற்கும் நிலையை செல்போனில் படமெடுத்து அந்தப் பாட்டின் ஃபோல்டரிலேயே போடுங்கள். கேலரியில் விட்டால் கல்யாணப் படங்களுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: மாமா ஜப்பானிலிருந்து பழைய சிந்த் ஒன்று கொண்டு வருகிறார். அப்படியே பிளக்கில் செருகலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: கூடவே கூடாது! அங்கே 100 வோல்ட், இங்கே 230. பின்பக்கம் ‘100V’ என்று மட்டும் அச்சடித்திருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் சிந்த் இழுக்கும் வாட்டைவிடக் கூடுதல் திறனில். அடாப்டரில் ஓடும் கருவி என்றால் இங்கேயே புது அடாப்டர் வாங்கலாம். வோல்ட், ஆம்பியரோடு பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதையும் பாருங்கள். கோர்க் நிறுவனத்தின் வோல்கா வரிசைச் சின்னக் கருவிகளுக்கு நடுவில் பிளஸ், ‘பாஸ்’ (Boss) நிறுவனத்தின் கிதார் பெடல்களுக்கு மைனஸ். இரண்டும் 9 வோல்ட்தான் என்று மாற்றிச் செருகிவிடாதீர்கள்.