50 ரூபாய் எல்.பி.: ஊசி வைக்கும் முன்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் 50 ரூபாய்க்கு அமெரிக்க எல்.பி. இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. ஹோட்டல் லவுஞ்சில் வாசித்த பேண்டை அங்கேயே நேரடியாகப் பதிவு செய்தது. அட்டையில் கையெழுத்து இருக்கிறது. தட்டில் வெள்ளைப் பூஞ்சை, லேசான வளைவு. வீடு ஏற்காட்டில். தாத்தா காலத்து ப்ளேயரில் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பூஞ்சையும் மணலும் இருக்கும்போது ஊசி வைத்தால், அது அவற்றைப் பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரில் அரைத்துவிடும். பூஞ்சை கழுவினால் போகும், அரைபட்ட சுவர் திரும்ப வராது.

முதலில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக மினுங்கினால் நல்லது. சாம்பல் பூத்த மாதிரி வளையங்கள் தெரிந்தால் கனத்த ஊசியில் தேய்ந்த தட்டு. எவ்வளவு கழுவினாலும் பித்தளை வாத்தியம் வரும் இடங்கள் கரகரக்கும்.

கழுவ: டிஸ்டில்டு வாட்டர் 200 மில்லி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 50 மில்லி, பேபி ஷாம்பு ஒரே சொட்டு. ஆல்கஹால் செல்போன் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு சேர்மானம் இருக்கக்கூடும், தவிருங்கள். தண்ணீர் பேட்டரிக் கடையில் வாங்கலாம், ஆனால் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். போர் தண்ணீர் கூடாது, உப்பு பள்ளத்திலேயே காய்ந்து படியும். மாஸ்க் போட்டு, வெளியில் வைத்து, மென்மையான வெல்வெட் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தட்டு அப்பளமாகிவிடும். (அடுத்த முறை, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டு கிடைத்தால் இந்தக் கலவை வேண்டாம். அது அரக்கு, ஆல்கஹாலில் கரையும்.)

தாத்தா ப்ளேயர் மோனோவா (ஒரே ஒலித்தடம்), ஸ்டீரியோவா (இரண்டு) என்று பாருங்கள். பழைய மோனோ ஊசி பக்கவாட்டில்தான் நன்றாக அசையும். ஸ்டீரியோ பள்ளத்தில் மேல்கீழ் அசைவும் உண்டு, அதைச் செதுக்கிவிடும். லேபிளில் ஸ்டீரியோ என்றிருந்தால், 2 கிராம் அளவில் அழுத்தும் காந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) உள்ள ப்ளேயரில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் போடுங்கள். சுழலும்போது விளிம்பு 2, 3 மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் பாட்டு பெரும்பாலும் தப்பிக்கும். வளைவை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டி வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கைதட்டலைக் கேட்டுத் தட்டை எடை போடாதீர்கள். கீறல் சத்தமும் கைதட்டலும் ஒரே ஜாதி, ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். மெதுவான பியானோ பாட்டில்தான் உண்மை தெரியும்.

கையெழுத்தால் விலை எகிறாது. இப்படிப்பட்ட பேண்டுகள் சொந்தக் காசில் தட்டு அச்சடித்து, கச்சேரி முடிந்ததும் கையெழுத்திட்டு விற்பது வழக்கம். கையெழுத்தில்லாத பிரதிதான் அபூர்வமோ என்னவோ!

பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உறை போடுங்கள். அட்டையை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, சில வாரம் மற்றத் தட்டுகளோடு சேர்க்காமல் வையுங்கள். ஏற்காட்டுப் பனிக்கு வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது. உள்சுவர்ப் பக்கம், நேராக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பைகளோடு.